மறு அரங்கேற்றம் என்றே போடு

நான்கு நாட்களாக உன் செய்திக்குப் பதில் போடவில்லை. படித்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். நீலக் குறி காட்டிக்கொடுத்துவிடும். நீ எழுதியதை முதலில் இங்கே எடுத்து எழுதிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் முழுவதும் அதற்கான பதில்தான்.

"மா, ஒரு வார்த்த வேணும். ரீ-டெப்யூன்னா தமிழ்ல என்னா? அழைப்பிதழ் வெள்ளிக்கிழம பிரிண்டுக்குப் போவுது. அதே தேவான் ஹாலத்தான் புக் பண்ணிருக்கேன், வேணும்னேதான். நீங்கதான் எம்சி, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது லா."

தமிழ் படித்த அம்மாவிடம் மகன் ஒரு சொல் கேட்கிறான். ஒரு நிமிட வேலை. பதிலைத் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். இரண்டாவது நாள் உன் அப்பா கேட்டார், "என்னா, வார்த்த கெடைக்கலையா? படிச்சதெல்லாம் வீணா?" கிண்டலாகத்தான் கேட்டார். நான் திரும்பிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "அவன்கிட்ட சொல்லிடு. போதும்," என்றார்.

சொல்கிறேன். ஆனால் முதலில் நீ கேட்ட சொல். அதைச் சுற்றித்தான் மற்றதற்கு என்னால் வர முடியும்.

அகராதியில் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு உன் ஆபீஸ் பிள்ளைகள் கேட்கும் கொரியப் பாட்டுக் குழுக்களின் பக்கங்களைப் போய்ப் படித்தேன். அங்கே இந்தச் சொல்லுக்குத் தெளிவான புழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒரு குழுவில் அறிமுகமாகிறார். குழு கலைகிறது, அல்லது அவர் விலகுகிறார். சில வருடம் ஆளே தெரியாது. பிறகு வேறு பெயரில், வேறு குழுவில், முதல் நாள் போல மேடைக்கு வந்து எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொல்கிறார். இதுதான் நீ கேட்ட சொல். புகழோடு இருந்தவர் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வருவது வேறு. அவருக்கு நாற்காலி காத்திருக்கும். இவருக்கு நாற்காலி கிடையாது. முன்பு ஆடியதெல்லாம் எண்ணப்படாது. தன்னைவிடச் சின்னவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. உன்னைப் போலவே இருந்தது.

தமிழில் அரங்கேற்றம் இருக்கிறது. முதலில் அது நூலுக்கான சொல். எழுதியவர் சபைக்கு நடுவில் உட்கார்ந்து தன் நூலை வாசிப்பார். சபை கேட்கும், சந்தேகம் எழுப்பும், ஒப்புக்கொள்ளும். பிறகுதான் அது நூல். பிற்பாடு நடனத்துக்கு வந்தது. இப்போது நம் ஊரில் அரங்கேற்றம் என்றால் நடனம் ஒன்றுதான். எதற்காக இருந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றே: ஏறுகிறவர் பாதி, பார்க்கிறவர்கள் பாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் ஒருமுறை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

நீ ஏழு வயதில் ஆடத் தொடங்கினாய். சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஸ்கூடாயில் டீச்சர் வீட்டில் வகுப்பு. நம் பழைய கன்சில் காரில் முன் சீட்டில் நீ, உன் மடியில் சலங்கைப் பை. ஒவ்வொரு மேட்டிலும் அது குலுங்கும். வகுப்பு முடிந்ததும் ரொட்டி சானாய், இரண்டு, பருப்புக் குழம்பு தனியாக. எண்ணெய்க் கையாலேயே மேசை மேல் அபிநயம் பிடிப்பாய். கடைக்காரர் கேட்பார், "தம்பி என்னா சொல்றாரு?" நீ சொல்வாய், "மான் ஓடுது அங்கிள்." அவர் உடனே உள்ளே பார்த்துக் கத்துவார், "டேய், மானுக்கு ஒரு மைலோ போடு!" அந்தக் கடை இப்போது கார் கழுவும் இடமாகிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது நான் இன்னும் வேகத்தைக் குறைக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியை நினைவிருக்கிறதா? நம் வரவேற்பறையும் அவருடைய வரவேற்பறையும் ஒரே சுவர். நீ முதல் பாடமான தட்டடவைப் போடும்போது அவர் வீட்டு நாட்காட்டி ஆடுகிறதாம். இரண்டு முறை புகார் சொன்னார். மூன்றாவது முறை ஒரு ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நீ ஆட்டத்தை விட்ட பிறகு ஒருநாள் வேலியருகே நின்று மலாயில் கேட்டார், பையன் ஏன் இப்போது சத்தம் போடுவதில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று. பரீட்சை என்றேன். பரீட்சை முடிந்தும் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார நாட்களில் நான் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளோடு இருப்பவள். வார இறுதியில் அறிவிப்பாளர். கல்யாண விருந்து, கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா, சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஜொகூர் பாரு வரை. யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நானே எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மேடையில் மூன்று நொடிக்கு மேல் மௌனம் இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வரத் தாமதமா, மாப்பிள்ளையின் குணத்தைப் பேசு. கேக் சாய்ந்துவிட்டதா, மக்களின் கண்ணை வேறு பக்கம் திருப்பு. ஒரு விருந்தில் மணப்பெண்ணின் அப்பா பேச வந்து, வாய் திறக்க முடியாமல் அழுதார். மூன்றாவது நொடியில் நான் புகுந்துவிட்டேன். "தந்தையின் பாசத்துக்கு வார்த்தைகள் இல்லை!" கைதட்டல். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அவர் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவே இல்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

உன் அரங்கேற்றத்துக்கும் நான்தான் அறிவிப்பாளர். உனக்குப் பதினேழு. தேவான் நிறைந்திருந்தது. பையன் ஆடுகிறான் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். எனக்குத் தெரியும். அதனாலேயே எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மேடையின் இடப்பக்கம் ஒலி மேசை. அதில் பாக் மான், நாம் எல்லா விழாவுக்கும் கூப்பிடும் மலாய்க்காரர். அவர் பக்கத்தில் மைக்கோடு நான். திரைக் கயிறு உன் அப்பா கையில். டீச்சர் வலப்பக்கம், உடை மாற்றும் அறையோரம். பாட்டு குறுந்தட்டில்.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம். ஒரு குறை இல்லை. பிறகு வர்ணம். இரண்டாவது ஜதி முடிந்து நீ திரும்பினாய். நின்றாய்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. நீ இல்லாமல். முன் வரிசையில் யாரோ இருமினார்கள். நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. நீ எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, வலது கையைத் தாழ்த்தி, ஒரு விரலால் சின்ன வட்டம் போட்டாய். முதலிலிருந்து போடுங்கள் என்று. உன் முகத்தில் பயம் இல்லை. அதை நான் பார்த்தேன். இதைத்தான் இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தேன். பாக் மானும் பார்த்தார். விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "ஊலாங், காக்?" மறுபடி போடவா, அக்கா?

"தா பாயா," என்றேன். வேண்டாம். உன் அப்பாவைப் பார்த்துக் கையை இறக்கினேன். திரை மூடியது.

மைக்கை எடுத்தேன். "ஒலி அமைப்பில் ஏற்பட்ட சிறு கோளாறு காரணமாக நிகழ்ச்சியை இத்துடன் நிறைவு செய்கிறோம். பொறுத்தருள வேண்டுகிறோம். அனைவரும் உணவருந்திச் செல்லுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." குரல் நடுங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான அறிவிப்பு அது.

திரைக்குப் பின்னால் டீச்சர் ஓடிவந்தார். "யாரு மூடச் சொன்னா?"

"நான்தான் டீச்சர். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே வந்துருக்காங்க!"

நீ அதற்குள் பின்வாசல் வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போயிருந்தாய். இதில் எதையும் நீ கேட்கவில்லை.

காரில் நான்தான் பேசினேன். சிஸ்டம் கோளாறு என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள், நீ கவலைப்படாதே என்றேன். நீ கண்மை கலைந்த முகத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "சிஸ்டம் இல்ல மா. நான் மறந்துட்டேன். ஆனா மறுபடி வந்துருக்கும். காலு ஞாபகம் வச்சிருந்துச்சு." கொஞ்ச தூரம் போனோம். பிறகு கேட்டாய், "டீச்சர்தானே மூடச் சொன்னாங்க?"

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

என் வாழ்க்கையில் நான் நிரப்பாமல் விட்ட ஒரே மௌனம் அது. உன் அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவரும் நிரப்பவில்லை. நீ அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாய்.

அடுத்த வாரம் டீச்சர் நம் வீட்டுக்கு வந்தார். நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. நீ தேவானில் விட்டுவிட்டுப் போன சலங்கையைக் கொண்டுவந்திருந்தார். மேசை மேல் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "நான்தான் மூடச் சொன்னேன்னு நெனைக்கிறானா? நீங்க இன்னும் சொல்லலையா?" இல்லை என்று தலையாட்டினேன். அவர் உன் கதவைப் பார்த்தார். "சரி, எம்மேலயே இருக்கட்டும். அம்மாமேல கோவிச்சிக்கிட்டா புள்ள எங்க போவான்," என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஆட்டத்த மட்டும் விட வேணாம்னு சொல்லுங்க. எங்கிட்ட வராட்டியும் பரவால்ல," என்றார். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று நீ கேட்பாய்.

நீ ஆட்டத்தை விட்டாய். டீச்சரை எங்கே பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போனாய். ஒருமுறை கோயிலில் அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். நீ கைப்பேசியை எடுத்துக்கொண்டாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். பத்து வருடம், தம்பி. இன்னொருவர் என் பழியைச் சுமந்தார்.

பிறகு நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாய். முதலில் பாலம் தாண்டி மோட்டார்சைக்கிளில் தினமும், பிறகு அங்கேயே அறை எடுத்து. ஒரு வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து பையைச் சோபாவில் போட்டாய். துணி துவைக்கலாம் என்று நான் அதைத் தூக்கினேன். உள்ளே சலங்கைச் சத்தம். நீ ஓடிவந்து பையைப் பிடுங்கிக்கொண்டாய். ஏழு வயதில் மறைத்து வைத்த மிட்டாயை நான் கண்டுபிடித்தபோது எப்படி நின்றாயோ அப்படி நின்றாய். "ரெண்டு வருஷமா கிளாஸ் போறேன்மா," என்றாய். "சின்னப் புள்ளைங்களோட நின்னு தட்டடவுலேர்ந்து. முட்டி கழண்டுடுச்சு." நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தச் சத்தத்துக்கு அவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

இப்போது உன் சொல்.

என் முதல் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நான் தட்டியது: "அரங்கேற்றம்னு மட்டும் போடு தம்பி, அதுவே அழகா இருக்கு." அனுப்பும் பொத்தான் மேல் விரல் இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். நான் மறுபடியும் திரையை மூடிக்கொண்டிருந்தேன். 'மறு' என்பதை எடுத்துவிட்டால் முதல் தடவை நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். நீ ஏழு வயதிலிருந்து ஆடியதும், நின்றதும், விரலால் வட்டம் போட்டதும். அழித்தேன். இரண்டாவதாகத் தட்டியது 'மீள்வருகை'. அதையும் அழித்தேன். அது நாற்காலி உள்ளவர்களுக்கு. உனக்கு யாரும் இங்கே நாற்காலி எடுத்து வைத்துக் காத்திருக்கவில்லை. நீ தட்டடவிலிருந்து வந்திருக்கிறாய்.

மறு அரங்கேற்றம். இதுதான் உன் சொல். நம் ஆட்களுக்கு 'மறு' என்று தொடங்கும் சொற்களைக் கண்டால் குரல் தாழ்ந்துவிடும். மறுமணம் என்றால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். மறுதேர்வு என்றால் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுச் சொல்வார்கள். இந்த இரண்டு எழுத்து, முன்னால் ஒன்று நடந்தது, அது நிலைக்கவில்லை என்று சாட்சி சொல்கிறது. அதனால்தான் கூச்சம். ஆனால் அதே இரண்டு எழுத்துதான், நடந்தது தெரிந்தும் இந்த ஆள் வந்து நிற்கிறான் என்றும் சொல்கிறது. கூச்சப்பட்டது நான். நீ ஒருபோதும் கூச்சப்படவில்லை. மேடையில் நின்று, எல்லாரும் பார்க்க, விரலைச் சுழற்றியவன் நீ.

ஆகவே அழைப்பிதழில் பெரிய எழுத்தில் அதையே போடு. யாராவது கேட்டால் சொல்: முன்பு இதே தேவானில் ஏறினேன், வர்ணத்தில் மறந்தேன், இப்போது மறுபடி ஏறுகிறேன். அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள்.

நேற்று ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாண விருந்து. ஒலி மேசையில் பாக் மான். முடி வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கம்பியைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். நினைவிருக்காதா, அதற்குப் பிறகு இரண்டு வருடம் தமிழர்கள் வீட்டு விழாவுக்கு எங்கே போனாலும், "பாக் மான், சிஸ்டம் இன்னைக்கு ஓகேவா?" என்று கேட்டுத்தானே உட்காரவைத்தார்கள் என்றார். என் மெஷின் ஒருநாளும் கெட்டதில்லை, காக், என்றார். மன்னிப்புக் கேட்டேன். கையை வீசினார். பிறகு கம்பியை வைத்துவிட்டுச் சொன்னார், "புடாக் து நாக் ஊலாங்." அந்தப் பையன் மறுபடி ஆடத்தான் நினைத்தான். பத்து வருடமாக அவர் விரலிலும் அது இருந்திருக்கிறது.

இனி நான் கேட்பது. நீ மறுக்கலாம். இதைப் படித்த பிறகு என் எண்ணைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் அதுவும் சரிதான். நீ என்னைத் தேவானுக்கு வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். இதை எழுதத் தயங்கியது அதற்குப் பயந்துதான். ஆனால் தெரியாமல் நீ எனக்கு மைக்கைக் கொடுப்பதைவிட, தெரிந்து திரும்ப வாங்கிக்கொள்வது மேல்.

அச்சுக்குப் போகும் முன் டீச்சர் வீட்டுக்குப் போ. அதே ஸ்கூடாய் வீடுதான், வாசல் கதவுக்கு மட்டும் புது வண்ணம். பழத்தட்டு வேண்டாம், அவருக்குச் சர்க்கரை. உன் பழைய சலங்கை என் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. துணி மாற்றித் தைத்து வைத்திருக்கிறேன். அதை அவர் கையில் கொடுத்து, அவர் கையால் வாங்கிக்கொள். உன் இப்போதைய குருவிடமும் சொல்லிவிடு, நல்ல ஆசிரியர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார். அழைப்பிதழில் இரண்டு பெயரும் வரட்டும். டீச்சர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் எதுக்கு லா, பேரெல்லாம்?" என்பார். நீ போட்டுவிடு.

உன் அப்பா ஒன்று எழுதச் சொன்னார். அவர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ கைய காட்டுன, நான் இழுத்தேன். ஆனா கயிறு எங்கையிலதானே இருந்துச்சு. அதையும் போடு." போட்டுவிட்டேன்.

நான் அறிவிப்பாளர் இல்லை, தம்பி. வேறு யாரையாவது பார்த்துக்கொள். என்னை வரச் சொன்னால் நான் இடப்பக்கம், பாக் மான் பக்கத்தில் ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். அவரிடம் பேசிவிட்டேன், தேதியைக் குறித்துக்கொண்டார். நீ வர்ணத்தில் நிற்க மாட்டாய். நின்றாலும் ஒன்றும் இல்லை. மூன்று நொடி, முப்பது நொடி, எவ்வளவு வேண்டுமானாலும் அந்தத் தேவான் சும்மா இருக்கட்டும். உன் விரல் சுழன்றால் பாக் மான் பாட்டை முதலிலிருந்து போடுவார். என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா